எதிர்ப்பொருள் தரும் சான்றும் அதன் தகுதியும்: சி9ஓஆர்எஃப்72 புரத ஆய்வை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

செல்லுக்குள் சவ்வுப் போக்குவரத்தை நடத்தும் புரதங்கள் எங்கு உள்ளன, எவ்வளவு உள்ளன, நோயில் எவ்வாறு மாறுகின்றன என்னும் வினாக்களுக்கு விடை காண எதிர்ப்பொருள்களே முதன்மைக் கருவிகளாக உள்ளன. அக்கருவிகளின் தகுதி சோதிக்கப்படாதபோது அவை தந்த முடிபுகளின் தகுதியும் ஐயத்திற்கு உரியதாகிறது. ஏ.எல்.எஸ். நோயோடு தொடர்புடைய சி9ஓஆர்எஃப்72 புரதத்திற்கான எதிர்ப்பொருள்களைச் சோதித்து 2019இல் ‘ஈலைஃப்’ இதழில் வெளிவந்த ஆய்வை இக்கட்டுரை திறனாய்வு செய்கிறது. அவ்வாய்வின் முறையியல் வலிமை, அதன் முடிபுகள் செல்லும் எல்லை, அது தீர்க்காமல் விட்ட சிக்கல்கள் ஆகியன இங்கு ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: எதிர்ப்பொருள், சவ்வுப் போக்குவரத்து, சி9ஓஆர்எஃப்72, மரபணு நீக்கம், லைசோசோம், ஏ.எல்.எஸ்., சான்றின் தகுதி.

முன்னுரை

செல்லியல் ஆய்வுக் கட்டுரைகளில் இடம்பெறும் ஒளிர்வுப் படங்கள் வாசகரை எளிதில் நம்ப வைக்கும் ஆற்றல் உடையன. கருநிறப் பின்புலத்தில் பச்சைப் புள்ளிகள் தெரிகின்றன. அப்புள்ளிகளே புரதம் இருக்கும் இடம் என்று படவிளக்கம் கூறுகிறது. ஆனால் படத்தில் தெரிவது புரதம் அன்று. எதிர்ப்பொருள் சென்று பற்றிய இடமே அங்கு ஒளிர்கிறது. எதிர்ப்பொருள் பற்றிய இடமும் புரதம் இருக்கும் இடமும் ஒன்றே என்பது தனியாக நிறுவப்பட வேண்டிய ஒரு கூற்றாகும். நிறுவப்படாத நிலையில் அது வெறும் எடுகோளே.

இந்த எடுகோள் பொய்த்தால் விளைவு ஓர் ஆய்வகத்தோடு நிற்பதில்லை. ஒரு புரதம் உட்கருவில் உள்ளது என்று ஒரு கட்டுரை கூறினால், அடுத்து வருவோர் அது உட்கருவில் செய்யும் பணியைத் தேடுகின்றனர். நோயாளியின் மூளைத் திசுவில் அப்புரதம் குறைந்துள்ளது என்று கூறினால், குறைவை ஈடுசெய்யும் மருந்தைப் பற்றிய சிந்தனை தொடங்குகிறது. இவ்வாறு ஒரு கருவியின் பிழை ஒரு துறையின் திசையையே மாற்றிவிடக் கூடும். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த மாண்ட்ரியல் நரம்பியல் நிறுவனத்தில் கார்ல் லாஃப்லாம், பீட்டர் மெக்பெர்சன் உள்ளிட்டோர் மேற்கொண்ட 2019ஆம் ஆண்டு ஆய்வு இச்சிக்கலை நேரடியாக எதிர்கொண்டது. அதனைச் சான்றியல் நோக்கில் மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சவ்வுப் போக்குவரத்து ஆய்வில் எதிர்ப்பொருளின் இடம்

எண்டோபிளாச வலையில் உருவாகும் புரதங்கள் நுண்பைகளில் ஏறிக் கோல்கை உறுப்பை அடைந்து, அங்கிருந்து செல்சவ்வுக்கோ லைசோசோமுக்கோ அனுப்பப்படுகின்றன. வெளியிலிருந்து உள்வாங்கப்படும் பொருள்கள் எண்டோசோம்கள் வழியே பிரித்தனுப்பப்படுகின்றன. இப்போக்குவரத்தை நெறிப்படுத்தும் அமைப்பைக் கண்டறிந்தமைக்காக ஜேம்ஸ் ராத்மன், ராண்டி ஷெக்மன், தாமஸ் சூடாஃப் ஆகியோர் 2013இல் நோபல் பரிசு பெற்றனர். அவர்களுடைய கண்டுபிடிப்புகள் பெரிதும் மரபியல், உயிர்வேதியியல் வழிகளில் அமைந்தவை. அப்புரதங்கள் செல்லுக்குள் எந்த இடத்தில் பணியாற்றுகின்றன என்பதைக் காட்டும் பொறுப்பு எதிர்ப்பொருளிடம் வந்து சேர்ந்தது.

ஒளிரும் சாயத்தை எதிர்ப்பொருளோடு இணைக்கும் முறையை ஆல்பர்ட் கூன்ஸ் குழுவினர் 1941இல் அறிமுகப்படுத்தினர். ஒரே வகை எதிர்ப்பொருளை அளவின்றி உருவாக்கும் மோனோகுளோனல் முறையைக் கோலரும் மில்ஸ்டைனும் 1975இல் வெளியிட்டனர். சவ்வுப் போக்குவரத்துத் துறைக்கு எதிர்ப்பொருள்கள் நோயாளிகளின் குருதியிலிருந்தும் கிடைத்தன. தன்னுடல் தாக்குநோய் உடையோரின் சீரம் கோல்கை உறுப்பை ஒளிரச் செய்வது 1980களில் அறியப்பட்டது. கோல்ஜின் வகைப் புரதங்கள் சில அவ்வழியே இனங்காணப்பட்டன. தொடக்கநிலை எண்டோசோமின் அடையாளமாக இன்று உலகெங்கும் பயன்படும் ஈஈஏ1 புரதமும் லூபஸ் வகை நோயாளி ஒருவரின் சீரத்தைக் கொண்டு கண்டறியப்பட்டதே. எனவே எதிர்ப்பொருளை ஐயுறும் திறனாய்வு, இத்துறை எதிர்ப்பொருளாலேயே வளர்ந்தது என்னும் வரலாற்றையும் மறத்தல் கூடாது.

எனினும் போக்குவரத்துப் புரதங்கள் எதிர்ப்பொருளுக்கு எளிதில் பிடிபடுவன அல்ல. அதற்கு மூன்று காரணங்களைச் சுட்டலாம். முதலாவது, அவை பெருங்குடும்பங்களாக உள்ளன. மனிதரில் ராப் புரதங்கள் மட்டும் 60க்கும் மேற்பட்டவை. நெருங்கிய உறவுடைய உறுப்பினர்களின் அமினோ அமில வரிசை பெரிதும் ஒத்திருப்பதால் ஒன்றிற்கென உருவாக்கிய எதிர்ப்பொருள் மற்றொன்றையும் பற்றக்கூடும். இரண்டாவது, நெறிப்படுத்தும் புரதங்கள் பல செல்லில் மிகக் குறைந்த அளவிலேயே உள்ளன. அரிதான இலக்கைத் தேடும் எதிர்ப்பொருள் மிகுதியாக உள்ள வேறு புரதத்தில் ஒட்டிக்கொள்ளும் வாய்ப்பு அதிகம். மூன்றாவது, நுண்பைகளும் எண்டோசோம்களும் நுண்ணோக்கியில் புள்ளிகளாகவே தெரிகின்றன; பிழையான ஒட்டுதலும் புள்ளிகளாகவே தெரியும். மைட்டோகாண்ட்ரியாவின் வலைவடிவம் போல, பார்த்தவுடன் பிழையைக் காட்டிக்கொடுக்கும் தனித்த உருவம் இங்கு இல்லை.

சி9ஓஆர்எஃப்72: ஐயம் எழுந்த களம்

இயக்க நரம்புசெல்கள் படிப்படியாக அழியும் ஏ.எல்.எஸ். நோய்க்கும், நடத்தையையும் மொழியையும் பாதிக்கும் ஃப்ரண்டோடெம்போரல் டிமென்ஷியாவுக்கும் பொதுவான மரபணுக் காரணத்தை 2011இல் இரு குழுக்கள் தனித்தனியே வெளியிட்டன. ஒன்பதாம் குரோமோசோமில் உள்ள சி9ஓஆர்எஃப்72 மரபணுவில், புரதமாக மொழிபெயர்க்கப்படாத பகுதியில், ஜிஜிஜிஜிசிசி என்னும் ஆறெழுத்துத் தொடர் நோயாளிகளில் நூற்றுக்கணக்கிலோ ஆயிரக்கணக்கிலோ மீண்டும் மீண்டும் வருகிறது. இம்மிகைத்தொடர் எவ்வாறு நோயை உண்டாக்குகிறது என்பதற்கு மூன்று விளக்கங்கள் முன்வைக்கப்பட்டன. மிகைத்தொடர் உடைய ஆர்.என்.ஏ. நச்சாதல் ஒன்று, அத்தொடரிலிருந்து இயல்புக்கு மாறாக உருவாகும் இரட்டை அமினோ அமிலத் தொடர்ப்புரதங்கள் நச்சாதல் மற்றொன்று, சி9ஓஆர்எஃப்72 புரதமே குறைந்துபோதல் மூன்றாவது.

மூன்றாவது விளக்கத்தைச் சோதிக்க அப்புரதத்தின் அளவும் இடமும் தெரிந்தாக வேண்டும். வரிசை ஒப்பீடுகள் அதனை டென் என்னும் கூறுடைய புரதக் குடும்பத்தில் சேர்த்தன. அக்குடும்பத்தினர் ராப் புரதங்களை நெறிப்படுத்துபவர் ஆதலால், சி9ஓஆர்எஃப்72 சவ்வுப் போக்குவரத்தில் பங்கேற்கும் என்னும் எதிர்பார்ப்பு எழுந்தது. ஆனால் எதிர்ப்பொருள் வழியாக வந்த விடைகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. உட்கரு, உட்கரு உறை, சைட்டோபிளாசம், நரம்பிணைப்பு முனை, லைசோசோம் எனப் பல இடங்கள் குறிக்கப்பட்டன. ஒரு புரதம் பல இடங்களில் இருப்பது இயல்பே. ஆயினும் ஆய்வுக்கு ஆய்வு எதிர்ப்பொருள் மாறும்போது இடமும் மாறுமானால், வேறுபாடு செல்லைச் சார்ந்ததா கருவியைச் சார்ந்ததா என்று கேட்பது கடமையாகிறது.

இப்புரதத்தின் மாற்றுவடிவங்கள் சிக்கலை மேலும் கூட்டின. 481 அமினோ அமிலங்கள் கொண்ட நெடுவடிவமும் 222 அமினோ அமிலங்கள் கொண்ட குறுவடிவமும் ஒரே மரபணுவிலிருந்து தோன்றக்கூடியவை. குறுவடிவம் உட்கரு உறையில் உள்ளது என்று, வடிவத்திற்கு ஓர் எதிர்ப்பொருளைக் கொண்டு 2015இல் ஓர் ஆய்வு அறிவித்தது. இவ்வாறு அளவு, இடம், வடிவம் ஆகிய மூன்று வினாக்களுக்கும் விடை ஒரே வகைக் கருவியையே சார்ந்து நின்றது.

2019ஆம் ஆண்டு ஆய்வின் முறையியல்

லாஃப்லாம் குழுவினர் புதிய எதிர்ப்பொருளை உருவாக்கவில்லை. சந்தையில் ஏற்கெனவே உள்ளவற்றை வாங்கிச் சோதித்தனர். இலக்குப் புரதம் மிகுதியாக உள்ள மனிதச் செல்வரிசைகளைப் புரதத் தொகைத் தரவுத்தளத்தின் வழியே முதலில் தேர்ந்தனர். பின்னர் கிரிஸ்பர்-காஸ்9 முறையால் அச்செல்களிலிருந்து சி9ஓஆர்எஃப்72 மரபணுவைச் செயலிழக்கச் செய்தனர். மூலச்செல்லையும் மரபணு நீக்கிய செல்லையும் இணையாக வைத்து, வாங்கிய எதிர்ப்பொருள்களை வெஸ்டர்ன் பிளாட் முறையில் ஒப்பிட்டனர். அதில் தேறியவற்றைக் கொண்டு புரதம் மிகுந்த செல்வரிசைகளை உறுதிசெய்து, எதிர்ப்பொருள்வழி வீழ்படிவாக்கலுக்கும் ஒளிர்வுச் சாயமிடலுக்கும் சோதனையை விரித்தனர்.

இம்முறையின் தருக்க வலிமை, புரதம் இல்லாத செல்லைச் சான்றாக்கியதில் உள்ளது. எதிர்ப்பொருளின் தகுதிக்கு வழக்கமாகக் காட்டப்படும் சான்றுகளோடு ஒப்பிடும்போது இது தெளிவாகும். இலக்குப் புரதத்தைச் செல்லில் மிகையாக உருவாக்கி, எதிர்ப்பொருள் அதனைப் பற்றுவதைக் காட்டுவது ஒரு வழக்கம். அச்சோதனை, எதிர்ப்பொருளால் இலக்கைப் பற்ற இயலும் என்பதை மட்டுமே நிறுவுகிறது. இலக்கை மட்டுமே பற்றுகிறது என்பதை நிறுவுவதில்லை. எதிர்ப்பொருளை உருவாக்கப் பயன்பட்ட பெப்டைடை முன்கூட்டியே கலந்து, ஒளிர்வு மறைவதைக் காட்டுவது மற்றொரு வழக்கம். பெப்டைடு எதிர்ப்பொருளின் பற்றும் முனையையே அடைத்துவிடுவதால், சரியான ஒட்டுதலோடு பிழையான ஒட்டுதலும் மறைந்துவிடும். எதிர்பார்த்த மூலக்கூறு எடையில் ஒரு பட்டை தெரிவதும் போதிய சான்றாகாது. ஏறத்தாழ அதே எடையுடைய வேறு புரதங்கள் செல்லில் பல உள்ளன. மரபணு நீக்கிய செல்லிலும் அதே பட்டை நின்றால் அது இலக்குப் புரதத்தின் பட்டை அன்று என்பதில் ஐயமில்லை.

ஒவ்வொரு பயன்பாட்டிலும் தனித்தனியே சோதித்தமை இவ்வாய்வின் இரண்டாவது சிறப்பாகும். வெஸ்டர்ன் பிளாட்டில் புரதம் தன் மடிப்புக் கலைந்து நீண்ட இழையாக உள்ளது. வீழ்படிவாக்கலில் அது இயல்பான மடிப்போடும் துணைப்புரதங்களோடும் உள்ளது. ஒளிர்வுச் சாயமிடலில் ஃபார்மால்டிஹைடு போன்ற பொருள்களால் நிலைப்படுத்தப்பட்டு வேதிமாற்றம் அடைந்துள்ளது. எதிர்ப்பொருள் பற்றும் பகுதி இம்மூன்று நிலைகளிலும் ஒரே வகையில் வெளித்தெரிவதில்லை. எனவே ‘நல்ல எதிர்ப்பொருள்’ என்று பொதுவாகக் கூறுவதில் பொருளில்லை. எப்பயன்பாட்டிற்கு நல்லது என்பதே கேட்கத்தக்க வினா. ஒளிர்வுச் சோதனையில் மூலச்செல்லையும் நீக்கிய செல்லையும் வெவ்வேறு ஒளிர்வு அடையாளமிட்டு ஒரே கண்ணாடித் தகட்டில் கலந்து வளர்த்தமையும் பாராட்டத்தக்கது. இரு செல்களும் ஒரே பார்வைப்புலத்தில், ஒரே சாயத்தில், ஒரே ஒளியளவில் தெரிவதால் படமெடுப்பவரின் விருப்பு தலையிட இடம் குறைகிறது.

முடிபுகளின் தகுதி

இச்சோதனையின் விளைவு இருவகைப்பட்டது. தேறிய எதிர்ப்பொருள்கள் சி9ஓஆர்எஃப்72 புரதத்தை ஃபேகோசோம், லைசோசோம் ஆகியவற்றில் காட்டின. மறுபுறம், அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகளில் பயன்பட்ட சில எதிர்ப்பொருள்கள் இப்புரதத்தை இனங்காணவே இல்லை என்று தெரிந்தது.

லைசோசோம் பற்றிய முடிபை ஏற்பதற்கு எதிர்ப்பொருளைச் சாராத துணைச்சான்றுகளும் உண்டு. சி9ஓஆர்எஃப்72 மரபணு நீக்கப்பட்ட எலிகளில் ஏ.எல்.எஸ். போன்ற நரம்புச் சிதைவைவிட நோயெதிர்ப்பு மண்டலத்தின் கோளாறே முனைப்பாகத் தெரிந்தது என்றும், அவற்றின் மேக்ரோஃபேஜ் செல்களிலும் மைக்ரோக்ளியா செல்களிலும் லைசோசோம்கள் பெருகித் தேங்கின என்றும் 2016இல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. சி9ஓஆர்எஃப்72, எஸ்எம்சிஆர்8, டபிள்யூடிஆர்41 ஆகிய மூன்று புரதங்களும் ஒரு கூட்டமைவாகச் சேர்ந்திருப்பது உயிர்வேதியியல் வழியே நிறுவப்பட்டு, அதன் கட்டமைப்பு 2020இல் குளிர்நிலை எலக்ட்ரான் நுண்ணோக்கியால் வெளிப்பட்டது. தனித்த வழிகளில் வந்த இச்சான்றுகள் ஒன்றையொன்று தாங்குகின்றன. ஃபேகோசோம் பற்றிய படத்தை நம்பத்தக்கதாக்குவது அதன் தெளிவு அன்று. இத்தகைய பொருத்தமே ஆகும்.

இரண்டாவது விளைவைப் பொறுத்தவரை கூடுதல் எச்சரிக்கை தேவை. ஒரு முடிபிற்குக் காட்டிய சான்று தகுதியற்றது என்பதும், அம்முடிபு பொய் என்பதும் வேறுவேறு. தகுதியற்ற எதிர்ப்பொருளால் ‘நிறுவப்பட்ட’ ஒரு கருத்து, நிறுவப்படாத நிலைக்குத் திரும்புகிறது. மறுக்கப்பட்ட நிலைக்குச் செல்வதில்லை. ஆய்வாளர்கள் இதனை உணர்ந்தே, முன்னர் அறிவிக்கப்பட்ட பண்புகள் குறித்துக் கவலை எழுகிறது என்ற அளவில் நிறுத்திக்கொண்டனர். ஆனால் இவ்வாய்வை எடுத்தாள்வோர் பழைய கட்டுரைகளை முற்றாகத் தள்ளுவதற்கு இதனைப் பயன்படுத்தினால் அது மற்றொரு பிழையாகும். அக்கட்டுரைகளில் ஆர்.என்.ஏ. அளவீடு, மரபணு நீக்க விளைவு போன்ற பிற சான்றுகள் இருப்பின் அவை தம் தகுதியில் நிற்கும். எனவே கட்டுரையை முழுமையாக ஏற்பதோ தள்ளுவதோ அன்றி, அதன் ஒவ்வொரு கூற்றும் எச்சான்றைச் சார்ந்துள்ளது என்று பிரித்து வாசிப்பதே முறையாகும்.

ஆய்வின் வரம்புகள்

இம்முறையியலுக்கும் வரம்புகள் உண்டு. முதலாவது, செல்வரிசையில் தேறிய எதிர்ப்பொருள் மனிதத் திசுவிலும் தேறும் என்பதற்கு உறுதியில்லை. இறப்பிற்குப் பின் எடுக்கப்பட்ட மூளைத் திசு நீண்ட நேரம் நிலைப்படுத்தப்பட்டு, மெழுகில் பதிக்கப்பட்டு, வேறுபட்ட புரதத் தொகையோடு உள்ளது. செல்வரிசையில் இல்லாத ஒரு புரதம் நரம்புசெல்லில் இருந்து, எதிர்ப்பொருள் அதனைப் பற்றினால், முந்தைய சோதனை அதனைக் காட்டியிருக்க வழியில்லை. மரபணு நீக்கிய எலியின் திசு ஓரளவு உதவலாம். ஆனால் மனிதருக்கு அத்தகைய ஒப்பீட்டுத் திசு கிடைக்காது. நோயைப் பற்றிய வினா எழும் இடத்திலேயே இம்முறையின் வலிமை குறைகிறது என்பது கருதத்தக்கது.

இரண்டாவது, மாற்றுவடிவச் சிக்கல். மரபணுவை முழுமையாகச் செயலிழக்கச் செய்தால் நெடுவடிவமும் குறுவடிவமும் ஒருங்கே மறையும். குறுவடிவத்தை மட்டும் பற்றுவதாகக் கூறப்படும் எதிர்ப்பொருளைச் சோதிக்க, நெடுவடிவம் எஞ்சிக் குறுவடிவம் மட்டும் இல்லாத செல் தேவை. அத்தகைய ஒப்பீடு இல்லாதவரை குறுவடிவத்தின் இடம் பற்றிய வினா திறந்தே உள்ளது.

மூன்றாவது, மரபணு நீக்கம் எல்லாப் புரதங்களுக்கும் இயலாது. நுண்பை இணைவிற்கு இன்றியமையாத என்எஸ்எஃப், கோல்கை உறுப்பின் கோட்டோமர் போன்றவற்றை நீக்கினால் செல் பிழைக்காது. அங்கு ஆர்.என்.ஏ. குறுக்கீட்டால் புரதத்தைக் குறைத்துப் பார்ப்பதோ, மரபணுவின் இயல்பான இடத்திலேயே ஓர் அடையாளத் தொடரைச் சேர்ப்பதோதான் வழி. சவ்வுப் போக்குவரத்துத் துறையில் இத்தகைய புரதங்கள் குறைவல்ல ஆதலால், 2019ஆம் ஆண்டு முறையை ஒரே அளவுகோலாகக் கொள்ள இயலாது.

நான்காவது, பாலிகுளோனல் எதிர்ப்பொருள்கள் விலங்கிற்கு விலங்கு, தொகுதிக்குத் தொகுதி மாறுபடுவன. இன்று சோதித்த குப்பியில் உள்ளதும் பல ஆண்டுகளுக்கு முன் ஒருவர் பயன்படுத்திய குப்பியில் இருந்ததும் ஒரே பட்டியல் எண்ணைக் கொண்டிருக்கலாம். உள்ளீடு ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பழைய ஆய்வுகளைப் பற்றித் தீர்ப்புரைக்கும்போது இவ்வேறுபாடு கணக்கில் கொள்ளப்பட வேண்டும். வரிசை அறியப்பட்ட மறுசேர்க்கை எதிர்ப்பொருள்களுக்கு இக்குறை இல்லை.

விரிவாக்கமும் அதன் படிப்பினையும்

இம்முறையை விரித்து, நரம்பியல் தொடர்புடைய 65 புரதங்களுக்கான 614 வணிக எதிர்ப்பொருள்களைச் சோதித்த ஆய்வு 2023இல் அதே இதழில் வெளிவந்தது. தகுதியற்ற எதிர்ப்பொருளின் தரவு இடம்பெற்ற கட்டுரைகள் ஒரு புரதத்திற்குச் சராசரியாக 12 அளவில் உள்ளன என்று அது மதிப்பிட்டது. மறுசேர்க்கை எதிர்ப்பொருள்கள் ஏனைய இரு வகைகளைவிடச் சிறந்து விளங்கின. எதிர்பார்ப்பை நிறைவு செய்யாதவற்றில் ஏறத்தாழ 20 விழுக்காட்டைத் தயாரிப்பாளர்கள் திரும்பப் பெற்றனர். ஏறத்தாழ 40 விழுக்காட்டிற்குப் பரிந்துரைத்த பயன்பாடுகளை மாற்றினர். சி9ஓஆர்எஃப்72 ஒரு விதிவிலக்கன்று என்பதை இந்த எண்கள் உணர்த்துகின்றன.

இது மருத்துவத்தைத் தொடும் சிக்கல் என்பதும் நினைவிற்குரியது. சி9ஓஆர்எஃப்72 மிகைத்தொடர் உடைய ஆர்.என்.ஏ.வைக் குறைக்கும் ஒரு மருந்தின் மனிதச் சோதனை, மருத்துவப் பயன் காணப்படாமையால் 2022இல் நிறுத்தப்பட்டது. அச்சோதனையில், மிகைத்தொடரிலிருந்து உருவாகும் பாலி-ஜிபி என்னும் தொடர்ப்புரதம் மூளைத் தண்டுவட நீரில் குறைந்தது எதிர்ப்பொருள் சார்ந்த அளவீட்டால் அறியப்பட்டது. குறிக்கப்பட்ட புரதம் குறைந்தும் நோயாளிக்குப் பயன் விளையாத நிலையில், எது நோயின் உண்மைக் காரணம் என்னும் வினா மீண்டும் முன்னிற்கிறது. சி9ஓஆர்எஃப்72 புரதக் குறைவின் பங்கும் அவ்வினாவில் அடங்கும். அதற்கு விடை காண, நோயாளியின் திசுவில் அப்புரதத்தை நம்பத்தக்க வகையில் அளக்கும் கருவி முதல் தேவையாகிறது.

முடிவுரை

2019ஆம் ஆண்டு ஆய்வின் முதன்மைப் பங்களிப்பு சி9ஓஆர்எஃப்72 புரதத்தின் இடத்தைக் காட்டியதைக் காட்டிலும், இடத்தைக் காட்டுவதற்கு என்ன சான்று வேண்டும் என்பதைக் காட்டியதில் உள்ளது. புரதம் இல்லாத செல்லில் எதிர்ப்பொருள் அமைதியாக இருக்கிறதா என்னும் வினாவை அது முதல் வினாவாக்கியது. அதே நேரத்தில் செல்வரிசைக்கும் நோயுற்ற திசுவிற்கும் இடையிலான தொலைவை அது கடக்கவில்லை. மாற்றுவடிவச் சிக்கலையும் முழுமையாகத் தீர்க்கவில்லை.

இத்துறைக் கட்டுரைகளை வாசிக்கும் ஆய்வாளரும் அவற்றைப் பாடமாக நடத்தும் ஆசிரியரும் மூன்று வினாக்களை எழுப்புதல் நலம். பயன்படுத்திய எதிர்ப்பொருள் இலக்கு இல்லாத செல்லில் சோதிக்கப்பட்டதா? அச்சோதனை கட்டுரையில் கையாளப்பட்ட அதே முறையில் நிகழ்ந்ததா? எதிர்ப்பொருளைச் சாராத வேறொரு சான்று அம்முடிபைத் தாங்குகிறதா? இம்மூன்றிற்கும் விடை இல்லாத படம் எவ்வளவு தெளிவாக இருப்பினும், அது சான்றாகும் தகுதியை இன்னும் பெறவில்லை என்றே கொள்ள வேண்டும்.